முருகனுக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ்

சிவகாசி வட்டாரத்தில் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சத்தத்தால் சோறு தின்கிறவர்கள்தான். அந்தச் சத்தத்தின் மேலேயே போர் தொடுத்த ஒரே மனிதர், திருத்தங்கலில் எங்கள் தெரு நூலகத்தில் வேலை பார்த்த உஷ் சார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலேயே ‘உயர்திரு உஷ் சார்’ என்றுதான் எழுதுவோம். அவரும் தவறாமல் வந்து, மேளக்காரரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டுப் பந்திக்குப் போவார். பஸ் கண்டக்டரையும் விடமாட்டார். ஒரு தரம் கண்டக்டர் ரோஷப்பட்டு ஊர்ப் பெயரையெல்லாம் ரகசியம் போலச் சொல்லிக்கொண்டே வர, பாதிப் பேர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித் தாயில்பட்டியில் போய் முழித்தார்கள். பங்குனிப் பொங்கல் திருவிழாவில் திரி பற்றிய சரவெடிக்கு நேராக நின்று விரலை உயர்த்தினார். அது வெடித்துத் தீர்ந்ததும், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாரே ஒரு பார்வை!

ஆனால் அந்த ‘உஷ்’ஷால் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு நன்மை வந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் பெயரோடு நோயையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். உஷ் சார் அங்கேயுள்ள டாக்டரிடம் பேசி, வாரம் ஒரு நாள் நர்ஸம்மாவை நூலகத்துக்கு வரவழைத்தார். பழைய வாரப் பத்திரிகை அலமாரிக்குப் பின்னால் அந்தம்மாவுக்கு ஒரு ஸ்டூல். ஆஸ்பத்திரியில் இடி மாதிரி முழங்குகிற அதே நர்ஸம்மா, அவர் விரலுக்குப் பயந்து பூனையாகப் பேசுவார். வாய்விட்டுக் கேட்க முடியாததையெல்லாம் அங்கே கேட்டுக்கொண்டோம்.

அடுத்து, நோய்களைப் பற்றி நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று கிளம்பினார். அச்சாபீஸ் முதலாளி ஒருவர், கலர் விலகிப்போன காலண்டர் தாள்களை இனாமாகக் கொடுத்தார். முன்பக்கம் முருகன், மயிலின் நீலம் மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. வெறுமையான பின்பக்கத்தில், ‘வாரக்கணக்கில் இருமலா? சளியைப் பரிசோதியுங்கள்’ என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் முருகனைக் கையில் கொடுத்தால் என்ன செய்வோம்? கண்ணில் ஒற்றிச் சாமி அலமாரிக்கு மேலே ஆணியடித்து மாட்டினோம். இருமல் விஷயம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேதி தெரிந்ததும், திருப்பி மாட்டச் சொல்லி மறுபடியும் வீடு வீடாக வந்தார். நான் வீட்டிலிருந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவள். அன்றைக்கு வைகாசி விசாகம், சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன்.

“திருப்பி மாட்டுங்கம்மா” என்று கிசுகிசுத்தார்.

“சாமி மொகத்தையா சுவத்துப் பக்கம் திருப்பச் சொல்றீக? நல்லாருக்கா சார் இது?”

“பின்னாலதாம்மா விசயம் இருக்கு.”

“முன்னால முருகன் நிக்கையில பின்னால என்ன விசயம் வேண்டிக் கெடக்கு?”

அப்போது உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார். அவருக்குப் பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை.

“சாம்பிராணிப் பொகை சார்...” என்று ஆரம்பித்தேன்.

“உஷ்!” எனக்குத்தான். தலையைச் சாய்த்து அந்த இருமலைக் கடைசி வரைக்கும் கேட்டார். அவர் அடக்காமல் முழுசாகக் கேட்ட முதல் சத்தம் அது.

“எம்புட்டு நாளா?”

“மாசியில இருந்து.”

உஷ் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டு முருகனைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். படித்ததும் இவர் முகம் வெளுத்துவிட்டது.

“காசம்னு வெளிய தெரிஞ்சா மகளுக்குப் பேசி வச்ச சம்பந்தம் நிக்குமா? செத்தாலும் ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்க மாட்டேன்.”

“ஆஸ்பத்திரிக்கு யாரு கூப்பிட்டா? பேப்பர் படிக்க வாங்க.”

போனார். அலமாரிக்குப் பின்னால் நர்ஸம்மா சளி டப்பாவைக் கொடுத்தார். காசம்தான் என்று முடிவு வந்தது. மாத்திரையை ஒருவர் கண்முன்னால்தான் விழுங்க வேண்டுமாம். அந்தப் பொறுப்பை உஷ் சார் ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்து உட்காருவார். டம்ளர் தண்ணீர் வரும். விழுங்கியதும் உஷ் சார், திரும்பி வந்த புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல வாய்க்குள் பார்ப்பார்.

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தாங்கவில்லை. “என்ன மதினி, அண்ணே இந்த வயசுல பரீச்சை எழுதப் போறாகளா?”

“ஆமா தாயி. பாஸாகணும்னு முருகன வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.” அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆவணியில் இருமல் நின்று உடம்பு தேறியது. தீபாவளி சீசன் வேறு, ஆர்டர் குவிந்தது. “நல்லாத்தானே இருக்கேன், போதும்” என்று இவர் நூலகத்துக்குப் போவதை விட்டுவிட்டார். நான் அழுதும் கேட்கவில்லை.

அடுத்த நாளே உஷ் சார் கம்பெனி வாசலுக்குப் போய்விட்டார். லாரி உறுமல், ஆட்கள் கூச்சல். அத்தனைக்கும் மேலே ஒரு குரல் எழுந்ததாம்:

“யோவ்! எடுத்த புத்தகத்தப் பாதியில விட்டுட்டு இங்கன என்னய்யா செய்யிறீரு? இப்ப விட்டா மறுபடியும் மொதல்ல இருந்துல்ல படிக்கணும்! மூடி வச்சா கதை முடிஞ்சிருமா?”

லோடு ஏற்றியவர்கள் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உஷ் சாருக்குத் தொண்டை இருப்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும்.

“ஏலே, ஒரு புத்தகத்துக்கா மனுசன் இம்புட்டுக் கத்துறாரு? போயிப் படிச்சுத் தொலைச்சிட்டு வாலே!” என்று கூட இருந்தவர்கள் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். எந்தப் புத்தகம் என்று என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னாலேயே போனார். கார்த்திகையில் கடைசி மாத்திரையை விழுங்கினார். சளியில் கிருமி இல்லை என்று நர்ஸம்மா சொன்னபோது, அலமாரிக்குப் பின்னால் நான் விம்மியது வெளியே கேட்டிருக்கும். அன்றைக்கு ‘உஷ்’ வரவில்லை.

தையில் மகள் கல்யாணம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கூரையைப் பிய்த்தது. எல்லோரும் உஷ் சாரைத்தான் பார்த்தார்கள். அவர் விரலைத் தூக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு மாறுதலாகி எங்கேயோ போய்விட்டார். அந்த முருகனை நான் சுவரில் மாட்டவில்லை. சாமி அலமாரிக்கு முன்னால் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றடித்தால் தாள் திரும்பும். முருகன் மறைந்து பின்பக்கம் தெரிகிறபோதும் நான் கும்பிட்ட கையை இறக்குவதில்லை.