மாமனார் பெயரில் ஒரு புழு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமா, குறிப்பாக உங்கள் ரத்த அழுத்தம் நலமா என்று அறிய ஆவல். என் குரலைக் கேட்டதுமே நீங்கள் போனை வைத்துவிடுவதால் கடிதமாக எழுத வேண்டியதாயிற்று.

ஒரு புழுவுக்கு உங்கள் பெயரை வைத்தேன் என்பது உண்மைதான். ஆனால் அது தோட்டத்துப் புழு இல்லை மாமா, கடல்புழு. துறைமுகத் தூண்களின் அடியில் சேற்றை அள்ளி, சலித்து, கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை நுண்ணோக்கியில் குனிந்து, விரல் நீளப் புழுவின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் முள் போன்ற ரோமங்களை ஒவ்வொன்றாக எண்ணி, உடலின் பத்தாவது வளையத்திலிருந்து அந்த ரோமத்தின் நுனி கொக்கி போல வளைவது வேறெந்தப் புழுவிடமும் இல்லை என்று நிரூபிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. புதிய இனம்! பெயர் வைக்கும் உரிமை என்னுடையது. "அப்பாவோட எழுபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒண்ணுமே வாங்கல, பேசாம அவர் பேரையே வச்சிடுங்களேன்" என்றது உங்கள் மகள். சட்டை வாங்கியிருந்தால், தோளில் பிடிக்கிறது என்பதோடு போயிருக்கும்.

கட்டுரை வெளிவந்ததும் சின்ன மச்சானுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அதைப் பிறந்தநாள் விருந்தில், உங்கள் அலுவலக நண்பர்கள் அத்தனை பேர் முன்னால், எழுந்து நின்று தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தது அவருடைய ஆர்வக்கோளாறு. மேலே பெயர், கீழே வர்ணனை என்பதுதான் எங்கள் துறை வழக்கம். "தலை சிறியது, கழுத்து கிடையாது, கண்கள் நான்கு" என்றபோது யாரோ உங்கள் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாராம். "சீண்டினால் தொண்டையையே வெளியே தள்ளித் தாடைகளைக் காட்டும்" என்ற இடத்தில் நீங்கள் "நிறுத்துடா!" என்று கத்தியது, மன்னிக்க வேண்டும், வந்திருந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகிவிட்டதாம். அன்று மாலையே போன் செய்தீர்கள். "மாப்ள, அந்தப் பேரை எடுக்கிறவரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்!" நான் எங்கே மாமா எடுப்பது? ஒருமுறை அச்சில் வந்த பெயரை வைத்தவனே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதை அன்றே விளக்கலாம் என்று, "புழுவோட பின்பகுதியைப் பத்தி இன்னும் எழுதவே இல்ல மாமா" என்று ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டீர்கள்.

யோசனை சொன்ன உங்கள் மகளோ நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறாள். இன்றைய சீட்டு: "அப்பா வராத வீட்ல எனக்கென்ன வேலை?" பெட்டியும் கட்டிலுக்கு மேலே ஏறிவிட்டது. மாமா, புழு உங்களை அவமதிக்கவில்லை, நானும் அவமதிக்கவில்லை. தெருவுக்கு வைத்த பெயரை அடுத்து வருகிறவன் மாற்றிவிடுவான். இது உலகம் உள்ளவரை நிற்கும். கோபத்தை விட்டு ஒருமுறை வந்து போங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். சின்ன மச்சானுக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஆசியை இன்னும் எதிர்பார்த்திருக்கும்,
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வெளிநாட்டு நிபுணர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். இதே புழுவை நூற்றுப்பத்து வருடத்துக்கு முன்பே ஒருவர் விவரித்துப் பெயரும் வைத்துவிட்டாராம். முதலில் வைத்ததுதான் செல்லுமாம். உங்கள் பெயர் செல்லாது. மூன்று வருட உழைப்பு போன துக்கத்தைக்கூட ஒதுக்கிவைத்து, நல்ல செய்தி சொல்ல அத்தையை அழைத்தேன். அத்தை குரலைத் தாழ்த்தி, "ஐயையோ, இப்பப் போய் அவர்கிட்ட சொல்லிடாதீங்க மாப்ள! கட்டுரையில இருந்த அந்தப் புழுப் படத்துக்குக் கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு. வர்றவங்களையெல்லாம் நிக்க வச்சு, 'என் பேர்ல கடல்ல ஒரு உசுரு ஓடிட்டிருக்கு'ன்னு காட்டுறாரு. உங்ககிட்ட பேசாததெல்லாம் சும்மா வீம்பு" என்றார். ஆகவே மாமா, மேலே உள்ளதைப் படியுங்கள். இந்தப் பின்குறிப்பை மட்டும் தயவுசெய்து படிக்காமல் விட்டுவிடுங்கள்.