குளத்தில் பனிக்கட்டி இன்னும் வரவில்லை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-1-1969

மகாராஜராஜஸ்ரீ முருகேசன் மாமா அவர்கள் சமூகத்துக்கு, தாமல் மைத்துனன் ராமலிங்கம் கைகட்டி நின்று எழுதிக்கொண்டது. இவ்விடம் தங்கள் வீடும், தங்கள் மகள் ஏலவார்குழலியும், அவளுக்குத் துணையாக வந்து தங்கியிருக்கும் நானும் என் மனைவி செல்லியம்மாளும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் சௌக்கியம். கொல்லையில் இருக்கும் தங்கள் குளம் மட்டும் சௌக்கியமில்லை. அவ்விடம் டில்லியில் தங்கள் சுகத்தையும், அக்காவின் முழங்கால் சுகத்தையும், தங்கள் மகன் தர்மனின் உத்தியோக சுகத்தையும் விவரமாக எழுதவும்.

தாங்கள் ஐப்பசியில் ரயிலேறும்போது சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "தையில நான் வரசொல்ல தாமரையும் மீனும் உசுரோட இருக்கணும் ராமலிங்கம். அந்தக் கொளத்த காப்பாத்துறவங்களுக்குத்தான் என் பொண்ணு" என்றீர்கள். ஏலவார்குழலி பிறந்த அன்றைக்கே என் மகன் தனசேகரனுக்கு என்று அக்கா சொன்ன பெண். இருபது வருஷமாக முறைப்பெண்ணாக இருந்தவள் ஒரு ரயில் சீட்டியடிக்கும் நேரத்தில் குளத்துப் பெண்ணாகிவிட்டாள். போதாததற்கு, தர்மனின் ஆபீசில் ஸ்வெட்டர் போட்ட மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், தங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்று அக்கா வேறு எழுதினாள். இந்த நிலைமையில் அந்தக் குளத்தை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளவும்.

கார்த்திகையில் தங்கள் முதல் கடிதம் வந்தது. குளிர் எலும்பைத் துளைக்கிறது, பேனா மை உறைகிறது, குளத்தை உடனே குளிர்காலத்துக்குத் தயார் செய் என்று எழுதியிருந்தீர்கள். தர்மனின் அதிகாரி சீமையிலிருந்து வரவழைக்கும் தோட்டப் பத்திரிகையைப் படித்து, அதிலிருப்பதை எல்லாம் தமிழில் எடுத்துக் கொடுத்திருந்தீர்கள். அதைப் படிக்கும்போது எனக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது. அது பயத்தினால் அல்ல, அன்றைக்கு இங்கே மழை விட்டுப் புழுக்கம். நான் தாமல் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்துப் பிழைத்தவன், தாமரை எனக்குப் புதிதல்ல. ஆனாலும் பெண்ணைக் கொடுக்கிறவர் டில்லியில் நடுங்கும்போது பெண்ணைக் கேட்கிறவன் காஞ்சிபுரத்தில் நடுங்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று துண்டைப் போர்த்திக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

முதல் உத்தரவு, பனி விழுமுன் இலைகளை எல்லாம் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கட்டிக்கு அடியில் அழுகி விஷவாயு உண்டாகும் என்பது. தாமரை அப்போதுதான் மழைத் தண்ணீரைக் குடித்துத் தட்டுத் தட்டாக இலை விட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். தினமும் பிள்ளையாருக்கு ஒரு பூ பறித்துப் போகும் பக்கத்து வீட்டு நீலாம்பாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "ஏன்பா, நல்லாத்தானே இருந்துது. இன்னா கேடு ஒனக்கு?" என்றாள். பனிக்கட்டி வரப்போகிறது என்றேன். அவள் செல்லியம்மாளைத் தனியே கூப்பிட்டு, எனக்கு ராத்திரியில் தூக்கம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது உத்தரவு, தாமரைத் தொட்டிகளைப் பனி எட்டாத ஆழத்தில் இறக்குவது. வெட்டின அன்றைக்குத் தொட்டிகளைக் கரையில் தூக்கி வைத்து, மறுநாள் காலையில் மழையில் நனைந்துகொண்டே மார்பளவு தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைசித் தொட்டியோடு நானும் இறங்கிவிட்டேன். மூக்கில் தண்ணீர் ஏறி மூன்று நாள் ஜுரம். அந்த ஜுரத்தில்தான், மாமா, எனக்குத் தங்கள் குளிர் முதல்முதலாகப் புரிந்தது. தொட்டிகளை இறக்கியதற்கு முந்தின நாள் நான் சந்தையில் வாங்கி வந்த சேப்பங்கிழங்கைச் செல்லியம்மாள் குழம்பு வைத்துத் தருவாள் என்று நாக்கு ஏங்கியது. கிழங்கே வரவில்லை என்கிறாள் அவள், கையில் கொடுத்தேன் என்கிறேன் நான். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மூன்றாவது, குளிரில் மீனுக்கு ஜீரணமாகாது, தீனி போடாதே என்பது. போடவில்லை. நான் கரையில் நடந்தால் மீன்கள் என் நிழலோடு கூடவே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கச் சகிக்காமல் கொல்லைப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சீமைப் பத்திரிகை இந்த விஷயத்தில் பெரிய பத்திரிகைதான். ஒரு பருக்கை போடாமலே தங்கள் மீன்கள் ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு கொழுத்துப் போயிருக்கின்றன. பட்டினி கிடந்தால் உடம்பு தேறும் என்று செல்லியம்மாளிடம் சொல்லப்போய், அன்று ராத்திரி எனக்கே சோறு கிடைக்கவில்லை. ஏலவார்குழலி பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும்போது தினமும் பொரி வாங்கி வருகிறாள், அதையாவது எனக்குக் கொடுத்தாளா என்றால் அதுவும் இல்லை.

நான்காவதில்தான் மோசம் போனேன். பனிக்கட்டி குளத்தை மூடிவிடாமல் இருக்க ஒரு பானையை வாய் கட்டி மிதக்கவிடு, கட்டி பிடித்தாலும் கடப்பாரையால் இடிக்காதே, அதிர்ச்சியில் மீன் செத்துவிடும், வெந்நீர் விட்டு மெல்ல உருக்கு என்று எழுதியிருந்தீர்கள். பானையை மிதக்கவிட்டேன். அது ஓரமாக ஓடிக்கொண்டே இருந்ததால் தறிவீட்டில் கிடந்த மஞ்சள் கழிவு நூலைக் கழுத்தில் சுற்றி நடுவில் நிற்கும்படி இழுத்துக் கட்டினேன். மார்கழி பிறந்தது. விடியற்காலையில் எழுந்து போய்க் குளத்தை விரலால் தட்டிப் பார்ப்பேன். பனிக்கட்டி வரவில்லை. வெந்நீர் விடவேண்டிய வேலை மட்டும் பாக்கி நின்றது. தாங்களோ ஒவ்வொரு கடிதத்திலும் "வெந்நீர் விட்டாயா?" என்று கேட்கிறீர்கள். உத்தரவில் ஒன்றைச் செய்யாமல் விட்டதனால் சம்பந்தம் கலைந்தது என்று வரக்கூடாதல்லவா? பின்தெருவில் பட்டுக்குச் சாயம் போடும் பழனியைக் கேட்டேன். அவர் கொப்பரையில் எப்போதும் வெந்நீர் இருக்கும்.

"எவ்ளோ வேணுமானாலும் எட்த்துக்கபா" என்றார் பழனி. "பட்டு அலசின தண்ணிதான். சாயத்த எல்லாம் பட்டு குட்ச்சிடுச்சி. ஒண்ணியும் ஆவாது."

நான்கு குடம் விட்டேன். பட்டு குடித்தது போக மிச்சம் எவ்வளவு என்பது பொழுது விடிந்ததும் தெரிந்தது. குளம் முழுக்க அரக்குச் சிவப்பு. நடுவில் மஞ்சள் நூல் சுற்றிய பானை. கோலத்துக்குச் சாணி எடுக்க வந்த நீலாம்பாள் மதில்மேல் எட்டிப் பார்த்தவள் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா தானா வந்து எறங்கிக்கிறாம்மா, கரகம் மெதக்குது பாரு" என்று அவள் போட்ட சத்தத்தில் தறியில் இருந்தவர்கள் எல்லாம் நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அது பனிக்கட்டிக்காக வைத்த பானை என்று நான் நடந்ததை எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்டபிறகு, அம்மன் என் புத்தியைத்தான் முதலில் பிடித்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வேப்பிலை வந்தது, மஞ்சள் வந்தது, ஆடிக்கு ஊற்ற வேண்டிய கூழ் மார்கழியில் வந்து குளத்தில் விழுந்தது. மூன்றாம் நாள் நீலாம்பாளுக்கே அருள் வந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உடம்பை முறுக்கி, என்னைப் பார்த்து, "குளுருதுடா மவனே, போத்துடா" என்றாள். மாமா, இந்தக் காஞ்சிபுரத்தில் இந்த வருஷம் குளிர் எடுத்தது அந்த அம்மனுக்கு ஒருத்திக்குத்தான். டில்லியில் தங்களுக்கு. இரண்டு பேர் வாக்கும் ஒன்றாக இருந்ததால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. தாங்கள் பூட்டி வைத்திருந்த பவானி ஜமக்காளத்தை எடுத்துக் குளத்துக்குப் போர்த்தினேன். அது அன்று சாயங்காலமே தண்ணீர் குடித்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது அதுவும் சிவப்பு.

கூட்டம் ஓய்ந்தபிறகு நாற்றம் கிளம்பியது. நேற்று மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கிழங்கு குழகுழவென்று கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. மறைத்து எழுத எனக்கு மனசு இல்லை மாமா, தங்கள் தாமரை போய்விட்டது. தாங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. தாமரைதான் விட்டுவிட்டது.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? தனசேகரன் இதே ஊரில் தங்கிப் புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறவன், ஒரு மாதமாக அவன் போடுவதெல்லாம் தாமரை மொட்டுத்தான். வேலை முடிந்ததும் தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு தாமலுக்குப் போய், நம் நிலத்துக் குட்டையோரம் உட்கார்ந்துவிட்டு முழங்கால் வரை சேறாக வருகிறான். மனசு நொந்தவனை ஏன் என்று கேட்க முடியுமா? குளம் செத்ததற்காக ஒரு கல்யாணம் சாக வேண்டாம். அந்த ஸ்வெட்டர் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுக்குமுன் இந்தக் கடிதத்தை ஒருமுறை அக்காவுக்கும் படித்துக் காட்டவும்.

தர்மனுக்கு என் ஆசீர்வாதம். அக்காவின் முழங்காலுக்குச் செல்லியம்மாள் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். காமாட்சியம்மன் தங்களைக் குளிரிலிருந்தும், எங்களைத் தங்கள் கோபத்திலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுப்படியே எல்லாம் செய்த
ராமலிங்கம்

பின்குறிப்பு: நேற்றுத் தபால் போய்விட்டதால் கடிதம் தங்கிவிட்டது. இன்று காலை கோயிலுக்குப் போய்த் தங்கள் மனசு இளக வேண்டிக்கொண்டு திரும்பினேன். கொல்லையில் குளத்தை இறைத்துக் கழுவி, புதுக் கிணற்றுத் தண்ணீர் விட்டிருந்தது. அண்டாவிலிருந்து மீன்களை ஏலவார்குழலி குளத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். தனசேகரன் நனைந்த கோணிப்பையைப் பிரித்துத் தாமரையை எடுத்துத் தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தான். இலையோடு, இரண்டு மொட்டோடு. இலையை வெட்டிய அன்று மாலையே இவள் கிழங்குகளைத் தோண்டி அவனிடம் கொடுத்தனுப்பி, தாமல் குட்டையில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். நான் மழையில் நனைந்து பயபக்தியோடு குளத்தில் இறக்கியது எனக்குக் குழம்பில் வரவேண்டிய சேப்பங்கிழங்கு. பொரி முழுவதும் மீனுக்குப் போயிருக்கிறது.

"ஏம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொன்னா நீங்க பாதியிலியே நிறுத்தியிருப்பீங்க மாமா. அப்பா சொன்னத செய்யலன்னா கல்யாணம் நிக்கும். செஞ்சா தாமரை நிக்காது. அதான் நீங்க அதச் செஞ்சிக்கினு இருங்க, நாங்க இதச் செய்யலாம்னு உட்டுட்டோம்" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய அழுகையைத் தாங்கள் தள்ளுபடி செய்துவிடவும். ஜமக்காளத்தை மட்டும் தள்ளுபடி செய்ய முடியாது, அது கொடியில் காய்கிறது. குளத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்குத்தான் பெண் என்று சொன்னீர்கள். காப்பாற்றியது தங்கள் பெண். எனவே தங்கள் வார்த்தைப்படி ஏலவார்குழலியை அவளிடமே ஒப்படைத்துவிட்டேன். "இனிமேல் உன் இஷ்டம், என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டேன். அவள் சைக்கிளில் சேறு கழுவிக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்து, "முகூர்த்தப் பொடவைக்கு நீயே பார்டர் போடு, தாமரை மட்டும் வேணாம்" என்றாள்.