கதவைத் தட்டியது யார்?

‘பூட்டாத வீடு’ புதிய தொடரின் இயக்குநர் அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து பட்டு நெசவாளர் வீரபாகு வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி கன்னியம்மாளும் நலம். உங்கள் நலமும், கேமராக்காரர், மேக்கப் போடுகிறவர் எல்லாருடைய நலமும் அறிய ஆவல்.

இது நான் எழுதும் முதல் கடிதம். எழுபத்திரண்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்து கற்றுக்கொண்டேன். மூன்று நாளாக எழுதுகிறேன். விரல் வலிக்கிறது, ஆனாலும் ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் விஷயம் அவசரம்.

இருபத்தேழு வருடத்துக்கு முன் பழைய ‘பூட்டாத வீடு’ டிவியில் ஓடிய காலத்தில், அந்த அரை மணி நேரம் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. கதாநாயகி ரேணுகாதேவி சோறு வடித்துக்கொண்டே அழுவாள், எங்கள் வீட்டுச் சோறு குழையும். கடைசி நாளில் அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, கதவை மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டதாம், தொடர் அதோடு முடிந்ததாம். நான் மட்டும் பார்க்கவில்லை. ஒரு முகூர்த்தப் புடவை அவசரத்தால் பின்கட்டில் தறியில் இருந்தேன்; அறுந்த இழையை முடிந்துவிட்டு ஓடி வருவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அங்கே ஆரம்பித்தது சண்டை.

“கட்னவன்தான் வந்து தட்டினான்” என்றாள் கன்னியம்மாள்.

“அந்த சொரணை கெட்டவனா? கூடப் பொறந்த அண்ணன்தான் வந்துகீறான், அண்ணி” என்றான் என் தம்பி தனசேகரன்.

“தறியில உக்காந்துகினே தங்கச்சிக்கு ஒரு பட்டுப் புடவ குடுக்காதவன், நீ அண்ணன் பெருமை பேசுறியா?” என்று திருப்பிக் கேட்டாள் இவள்.

தம்பி அன்று கோபித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனவன், இன்னும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவன் பேத்தி இனியாவுக்குக் கல்யாணம். அவனே பத்திரிகை அனுப்பியிருக்கிறான். “யாரு தட்டினதுன்னு தெரியட்டும், அப்பறம் வரேன்” என்கிறாள் கன்னியம்மாள். வியாழக்கிழமை உங்கள் தொடர் முடிகிறதென்று அதைத்தான் நம்பியிருந்தோம். நீங்கள் என்ன செய்தீர்கள்? ரேணுகாதேவிக்கு மூன்று மாடி வீடு கட்டிக் கொடுத்தீர்கள், சமையலறையையே காட்டவில்லை, அவள் ஒருமுறை திரும்பினால் முகத்தை மூன்றுமுறை காட்டுகிறீர்கள், அதையெல்லாம் பொறுத்தோம். வாசலில் கேமரா வைத்த மணியை மாட்டினீர்களே அய்யா! வருகிறவன் முகம் போனிலேயே தெரிகிற வீட்டில் எவன் கதவைத் தட்டுவான்? பழையதில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். உண்மையில் தட்டியது யாரோ அவரை மட்டும் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுக் கதவு எப்போதும் நல்ல செய்திக்கே திறக்கட்டும்.

இப்படிக்கு,
வீரபாகு

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் என் பேத்தி சத்யப்ரியா பழைய கடைசிப் பகுதியைப் போனில் போட்டுக் காட்டினாள். நானும் அவளும் மட்டும் நான்கு முறை பார்த்தோம். ரேணுகாதேவி உட்கார்ந்திருக்கிறாள். கதவை யாருமே தட்டவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: அன்று இழையை முடிந்ததும், அது தாங்குகிறதா என்று தறிப் பலகையை மூன்று முறை அடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இல்லாததைத் தாராளமாகச் சேருங்கள். அந்த மணியைக் கழற்றிவிட்டு மூன்று முறை தட்டச் சொல்லுங்கள். திறந்தால் புருஷனும் அண்ணனும் ஒன்றாகவே நிற்கட்டும். நாங்கள் கல்யாணத்துக்குப் போகவேண்டும். பதில் மட்டும் போடாதீர்கள். என் மாலை வகுப்பில் இப்போது கன்னியம்மாளும் சேர்ந்துவிட்டாள்.