ஈயை அடிக்காத ஜூஸ் கடை

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம் இல்லை. உங்கள் நலம் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். பதில் எழுத வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களோடு இனிப் பேசுவதில்லை என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். போனில் திட்டலாம் என்றால் உங்கள் மருந்துக் கடையில் கூட்டம் என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் அக்காவே எடுத்து வருகிறாள். கடைசி வரி வரை படிக்கிறீர்களா என்று எதிரில் நின்று பார்ப்பாள். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே மரியாதையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

என் மகள், அதாவது உங்கள் அருமை மருமகள், தான் உண்டு தன் புத்தகம் உண்டு என்று இருந்தவள். அவளைச் சிறப்பு உயிரியலில் சேர்க்கச் சொன்னது யார்? சாதாரண உயிரியல் போதாதாம், அதற்கு மேலே ஒரு படி இருக்கிறதாம், பள்ளிக்கூடத்திலேயே கல்லூரிப் பாடமாம். அந்தப் பள்ளிக்கூடத்துத் துண்டறிக்கையை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தீர்கள். நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், வாரந்தோறும் ஆய்வகப் பணி உண்டு, ஆர்வமும் நேர ஒழுங்கும் அவசியம், பெற்றோரின் ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. ஒத்துழைப்பு என்றால் அங்கங்கே கையெழுத்துப் போடுவது என்று நினைத்துத் தலையாட்டினேன். என் கடையையே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் புத்தகம் வந்தது. பழம் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன், நல்ல பப்பாளி ஒன்று இருக்கிற கனம். சரி, படிக்கட்டும் என்று விட்டேன். அவள் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மாலையில் கல்லாவில் உட்கார வருகிறவள், வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். பெர்ரி ஜூஸ் கேட்ட ஒரு அம்மாளிடம், "ஸ்ட்ராபெரி உண்மையில பெர்ரியே இல்லைங்க. வாழைப்பழம்தான் பெர்ரி" என்றாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே, கலப்படக்காரனைப் பார்க்கிற மாதிரி. "அப்ப இத்தனை நாளா எனக்கு எதைக் கொடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அடுத்த வாரம் அன்னாசி. தினமும் வேலை முடிந்து வந்து ஒரு பெரிய கிளாஸ் அன்னாசி குடிக்கிற தபால்காரரிடம், நாக்கு ஏன் சுரீரென்று கடிக்கிறது தெரியுமா என்று கேட்டு, "நீங்க அன்னாசியைச் சாப்பிடறீங்க, அன்னாசி உங்க நாக்கைக் கொஞ்சம் சாப்பிடுது" என்று விளக்கம் சொல்லியிருக்கிறாள். மனிதர் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இப்போது எதிர்க்கடையில் டீ குடிக்கிறார். என்னைப் பார்த்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஜூஸ் கடைக்காரனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. வரி அதிகாரி இல்லை, போட்டிக் கடை இல்லை, பழ ஈ. கடுகளவு இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, ஒரு பழம் லேசாக அழுகினால் போதும், சொந்தபந்தத்தோடு வந்து இறங்கிவிடும். கடை தொடங்கிய நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டித்தான் என் தலைமயிர் போயிற்று. அந்த ஈயை, மைத்துனர் அவர்களே, உங்கள் மருமகள் பாட்டிலில் போட்டு வளர்க்கிறாள். பரம்பரைக் குணம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க அதுதான் தோதாம். சிவப்புக் கண் ஈ, வெள்ளைக் கண் ஈ என்று ஜோடி சேர்த்து, பிள்ளைகளுக்கு என்ன கண், பேரப்பிள்ளைகளுக்கு என்ன கண் என்று எண்ணி எழுத வேண்டுமாம். அதற்குச் சூடு ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். நம் வீட்டில் எங்கே ஒரே அளவு சூடு இருக்கிறது, உங்கள் அக்காவின் கோபத்தைத் தவிர? ஆகவே கடைக்குப் பின்னால் நான் பழம் பழுக்க வைக்கிற அறையில், என் வாழைப்பழத்தையே பிசைந்து போட்டு, பஞ்சால் வாயை அடைத்து, வரிசையாக வைத்துவிட்டாள். நான் முன்னால் நின்று ஈ அடிக்கிறேன், பின்னால் அவள் ஈக்கு விருந்து வைக்கிறாள்.

அதோடு போயிற்றா? விடிந்தும் விடியாததுமாக எழுந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஏன் என்று கேட்டால், "பொண்ணு ஈ பொறந்த உடனே தனியாப் பிரிச்சிடணும்பா. இல்லன்னா அதுங்களே ஜோடி சேந்துடும், அப்பறம் கணக்கு தப்பிடும்" என்கிறாள். பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி, இந்தப் பெண்ணுக்கு இந்தப் பையன் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுக்கிறாள். உங்கள் அக்காவும் கூடமாட நின்று, "அந்த வெள்ளைக் கண்ணுக்காரன் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கானே" என்று கேட்கிறாள். என் காய்ச்சலுக்கு அவள் இத்தனை அக்கறையாக விசாரித்ததில்லை.

இனி செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள். பழக்கடை வைத்தவன் எவனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. பழக்கூழ் இருக்கிற பாட்டில் எதிரில் பட்டால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பான், கெட்டுவிட்டதா இல்லையா என்று. அதற்கு யோசனை தேவையில்லை, கை தானாகப் போகும். அன்றைக்குப் பின்னறையில் பப்பாளி எடுக்கப் போனவன், கண்ணில் பட்ட பாட்டிலை எடுத்தேன், பஞ்சைப் பிடுங்கினேன், மூக்கை வைத்தேன். பேரப்பிள்ளைகள் அத்தனையும் என் மூக்கை உரசிக்கொண்டு வெளியே வந்தன. சிலது உள்ளேயும் போயிருக்கும். நான் தும்மிக்கொண்டே கடைக்குள் ஓடிவர, அவை எனக்கு முன்னால் ஆரஞ்சுக் குவியலில் போய் உட்கார்ந்துவிட்டன. ஈ மட்டையை எடுத்து ஓங்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த உங்கள் மருமகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்கப்பா, அது என் ரெண்டாம் தலைமுறை."

சுகாதார ஆய்வாளர் உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். அவர் கண்ட காட்சியை நீங்களே நினைத்துப் பாருங்கள். கடைக்காரன் மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான். அவன் பெண் ஆரஞ்சின் மேல் குனிந்து ஒவ்வொரு ஈயாகப் பாட்டிலுக்குள் அழைக்கிறாள், கண் என்ன நிறம் என்று வேறு பார்க்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "எவ்வளவோ கடை பாத்துட்டேன். ஈயைக் காப்பாத்தற கடையை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அவள் விடுவாளா, குரோமோசோம் அது இது என்று அவருக்கும் ஆரம்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுக் கடையை மூடச் சொன்னார். அவர் மறுபடி வந்து பார்த்துச் சரி என்றால்தான் திறக்க வேண்டுமாம். வியாபாரம் இல்லாத கடைக்காரனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, ஓட்டக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

தப்பு என்மேல் என்கிறாள் உங்கள் அக்கா. "பஞ்சைத் தொடாதீங்கன்னு அவ தலைப்பாடா அடிச்சிக்கிட்டாளே" என்கிறாள். சொல்லியிருக்கலாம், மிக்ஸி ஓடும்போது யார் என்ன சொன்னாலும் நான் தலையாட்டுவேன். அதற்காக என் வயிற்றில் அடிக்கலாமா? எத்தனை வார வேலையோ போயிற்று, மறுபடி முதல் ஜோடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மகள் பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். சும்மா காலிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எனக்குப் பிடிக்கவில்லை, நிம்மதியாகக் கோபப்பட முடியவில்லை.

ஆகவே என் முடிவு இது. பாடம் மாற்றிக்கொள்ள நாளைக்குக் கடைசி நாள். சிறப்பு உயிரியல் வேண்டாம், வணிகவியல் போதும். அதில் உயிரோடு எதுவும் இல்லை. சேர்த்துவிட்டவர் நீங்கள், ஆகவே நீங்களே வந்து அவளிடம் பக்குவமாகச் சொல்லி விலக்க வேண்டியது. நான் சொன்னால் சண்டை வரும், மாமா சொன்னால் கேட்பாள். வராவிட்டால் உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, உங்கள் அக்கா வழியாக வருவதைத் தவிர.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கடை மூடிய உங்கள் அத்தான்

பின்குறிப்பு: டேய், மேலே எழுதினதையெல்லாம் விடு. இதை மடிக்கும்போது உன் மருமகள் வந்து, பாடம் மாற்றுகிற தாளை என் முன்னால் நீட்டினாள். வணிகவியல் என்று தானே எழுதியிருக்கிறாள். "கடை இருந்தாத்தானேப்பா வீடு நடக்கும். இது வேணாம், விட்டுடறேன். கையெழுத்துப் போடுங்க" என்றாள். நான் கேட்டது அதுதான். ஆனால் பேனாவை எடுத்தால் கை நகரவில்லை. கண் வலிக்கிறது, காலையில் போடுகிறேன் என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடையை எப்படியாவது திறந்துகொள்வேன், கழுவிவிட்டால் போயிற்று. நாளைக் காலை பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்து அவளிடம் உயிரியலை விடாதே என்று சொல். நான் சொன்னால் நம்ப மாட்டாள், இத்தனை நாளும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினவன் நான்தானே.