விளிம்பில்லாத இடியப்பம்

கணினியில் படம் செய்யக் கற்றுக்கொண்டே இருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொண்டவர் வேறு, அவர் எங்காவது வேலையாக இருப்பார். இவர் கற்றுக்கொண்டே இருப்பவர். படம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பேசிக் இன்னும் ஸ்ட்ராங் ஆகணும்" என்பார்.

மாசாய் என்ற ஊரில் குடியிருக்கும் ஹேமநாதன் இந்த இனத்தில் அசல். டெக்ஸ்சர் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை. அது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கணினியில் செய்த மொழுமொழு உருவத்தின்மேல் மரம், துணி, துரு என்று எதையாவது போர்த்தினால் நிஜம்போலத் தெரியும்; அந்தப் போர்வைதான் டெக்ஸ்சர். அதற்காக அவர் காஹாங் எண்ணெய்ப்பனைத் தோட்டம் வரை போய்ச் செம்பனை மரத்தின் நாரைப் படமெடுத்தார், கல்யாணத்துக்குப் போன இடத்தில் மணமக்களை விட்டுவிட்டு மண்டபத்துச் சுவரின் பாசியைப் படமெடுத்தார், பக்கத்து வீட்டு மணியத்தின் பழைய வேனில் துருப்பிடித்த இடத்தை முட்டிபோட்டுப் படமெடுத்தார்.

"என்னா தம்பி, மஜ்லிஸ்ல ரிப்போர்ட் பண்ணப் போறியா?" என்று, நகராட்சிக்காரர்கள் வேனை இழுத்துப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் மணியம் பதறி ஓடிவந்தார்.

"இல்லண்ணே, உங்க துரு ரொம்ப நல்ல துருண்ணே!"

மணியம் அன்றைக்கே வேனைத் துணிபோட்டு மூடிவிட்டார்.

இந்த நிலையில்தான் ஹேமநாதனின் மனைவி ஷாமளா, தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சாலையோரத்தில் இடியப்பக் கடை போடத் துணிந்தாள். கடை ஓடாவிட்டால் மறுபடியும் ஷிப்ட், மறுபடியும் சூப்பர்வைசர் முகம். மோட்டார் சைக்கிளில் பறக்கிறவனைப் பிடித்து நிறுத்த ஒரு பேனர் வேண்டும்.

"என்னங்க, ஒரு தட்டு இடியப்பத்த போன்ல போட்டோ புடிச்சுக் குடுங்க, போதும் லா."

ஹேமநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போட்டோ யாரு வேணாலும் எடுப்பான். நான் இடியப்பத்தயே கம்ப்யூட்டர்ல செஞ்சு தரேன் பாரு!"

செய்தாரா? முதலில் கணினிக்கு வேகம் போதவில்லை. பிறகு மவுஸ் சரியில்லை. பிறகு இடியப்ப இழையில் வெளிச்சம் எப்படி விழவேண்டும் என்பதில் இரண்டு யூடியூப் வாத்தியார்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதைக் கண்டுபிடித்து, மூன்றாவது வாத்தியாரைத் தேடிப் போனார். கடை திறக்கும் நாள் நெருங்கியபோது, ஒட்டுத் தெரியாத டெக்ஸ்சர் என்ற பாடத்தில் இருந்தார். ஒரு துண்டை எந்தப் பக்கம் சேர்த்து ஒட்டினாலும் ஒட்டு தெரியக்கூடாது. அதில் செய்த இடியப்பத்தையே பேனராக அச்சடித்து வந்தார். ஒட்டு தெரியவில்லை. தட்டும் தெரியவில்லை, தேங்காய்ப்பூவும் தெரியவில்லை. பேனரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறும் இழை. நிஜமாக இருக்கட்டும் என்று காஹாங் செம்பனை நாரையும் அதன்மேல் ஒரு லேயர் போர்த்தியிருந்தார். எழுத்து பெரிதாக இருந்தால் டெக்ஸ்சர் மறையுமாம். அதனால் கடைப் பெயர் மூலையில், எறும்பளவில்.

திறந்த அன்று காலை மழை விட்டதும் முதல் மோட்டார் வந்து நின்றது. ஷாமளா மலர்ந்த முகத்தோடு இடுக்கியை எடுத்தாள்.

"அக்கா, கால்மிதி எவ்ளோ?"

அடுத்து வந்தவர் காரில் போடுகிற சைஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

"அலமாக்!" என்றாள் ஷாமளா. அவள் கண் கலங்கிவிட்டது. விடியுமுன் எழுந்து அவித்த இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

"கலர கொஞ்சம் சரி பண்ணிட்டா..." என்று ஆரம்பித்தார் ஹேமநாதன்.

அவள் பேனரை அவிழ்த்தாள். கடைக்கு முன்னால் சேறாகக் கிடந்த தரையில் விரித்தாள். ஒரு தட்டு நிறைய இடியப்பத்தைக் குவித்து, தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் தூவி, சாலையில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் வைத்தாள். அடுத்த மோட்டார்காரர் தட்டைப் பார்த்தார், நிறுத்தினார், பேனரில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு நாலு பொட்டலம் கேட்டார். பின்னாலேயே ஆள் சேர்ந்தது. கூடை காலியானது.

ஹேமநாதன் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷாமளாவுக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்க, சேத்துக்கு ஒதவுச்சுல்ல," என்றாள்.

அவர் காதில் அது விழவில்லை. முட்டிபோட்டுப் போனை எடுத்துவிட்டார். "ஷாமளா, கொஞ்சம் நகரு, நெழல் விழுது. சப்பாத்து பதிஞ்ச இந்தச் சேறு இருக்கே, அடடா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. நீங்கள் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை ஒன்று அங்கே காத்துக்கொண்டிருக்க, அதைத் தொடுவதற்கு முன்னால் இதை மட்டும் படித்துவிடலாம் என்றுதானே வந்தீர்கள்?