மூச்சைப் பிடிங்க, அண்ணே!

குமணன்சாவடியில் எக்ஸ்ரே அண்ணனிடம் மூச்சைப் பிடிக்காத மனிதப் பிறவியே கிடையாது. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது அவர் உத்தியோகம்; வீட்டில் ஆட்களை உட்காரவைத்துப் படம் வரைவது அவர் பிடிவாதம். இரண்டுக்கும் ஒரே உத்தரவுதான்: "மூச்ச நல்லா இழு... புடி... ஆடாத!"

"மூச்ச புடிச்சா மனுசன் நடிக்க மறந்துடுவான் நைனா. அப்போ ஆத்மா மூஞ்சில எட்டிப் பாக்கும். டக்குனு அமுக்கிடணும்" என்பார். அதனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. இடது பக்கம் உடம்பு, வலது பக்கம் ஆத்மா.

பிரியாணிக் கடை பாயின் இடது பாதி தத்ரூபம். வலது பாதியில் ஓர் ஆடு சிரித்துக்கொண்டிருந்தது.

"யோவ், என் ஆத்மாவுல ஆட்டுக்கு இன்னாய்யா வேலை?"

"நீங்க மூச்சு புடிச்சப்போ அதான் பாய் தெரிஞ்சுது. நான் இன்னா பண்றது?"

பாய் கோபித்துக்கொண்டு போனார். மறுநாளே அதைக் காட்டக் குடும்பத்தோடு வந்தார்.

அந்தப் படங்களின் கண்காட்சிக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் கிடைத்தது. சாயங்காலம் அங்கே யாருக்கோ வளைகாப்பு. அதற்குள் காலி செய்துவிட வேண்டும். ஆனால் மதியமாகியும் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. அவருடைய சொந்தப் படத்தில் வலது பாதி காலியாக இருந்தது.

"ஊர்க்காரன் ஆத்மாவெல்லாம் தொங்கவுட்டுட்டு என்னுத மட்டும் மறைச்சா அது மோசடி. முடிக்காம தொறக்க மாட்டேன்!"

கண்ணாடி முன் நின்று தனக்கே உத்தரவு கொடுப்பார். "புடி" என்று சொல்லும்போதே பிடித்த மூச்சு போய்விடும். மறுபடியும் இழுப்பார். சமையல்கட்டில் சாம்பாருக்குத் தாளித்துவிட்டார்கள். மண்டப மேனேஜர் வந்து, "அண்ணாத்தே, தொறக்கிறியா, மூட்டை கட்றியா?" என்றார். எத்தனை வருஷத்து ஆசை! படம் மாட்ட உதவிக்கு வந்து உள்ளே இருந்த எனக்கு, திறக்காமலே போய்விடுமோ என்று பட்டது.

சமையல்கட்டு வழியாக ஓடி, வாசலில் காத்திருந்த கூட்டத்தை உள்ளே கூட்டிவந்தேன். பாய் வந்தார். வளையல் தட்டோடு முன்கூட்டியே வந்துவிட்ட இரண்டு பெண்களும் வந்தார்கள். கரண்டியைக் கீழே வைக்காமல் சமையல்காரரும் வந்தார்.

"அண்ணே, நீங்க வாயைத் தொறக்காதீங்க. நாங்க சொல்றோம்" என்றேன். அவருக்குப் பின்னால் நின்று எல்லோருமாகக் கத்தினோம்: "மூச்ச இழு... புடி... ஆடாத!"

பிடித்தார். கண்ணாடியையே முறைத்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "உடு" என்று சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது எப்போதும் அவர் சொல்வதல்லவா!

கடைசியில் பாய்தான் அலறினார். "உடுய்யா, செத்துகித்து தொலையப் போற!"

மூச்சை விட்ட கையோடு பிரஷை எடுத்தவர், முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். வலது பாதியில் அவர் இல்லை. கரண்டியும் குல்லாவும் வளையல் தட்டுமாக, கூடவே மூச்சைப் பிடித்து நின்ற நாங்கள்தான் இருந்தோம்.

"கண்ணாடியில இதான் நைனா தெரிஞ்சுது" என்றார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். போன மாதம் இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். "மூச்சை விடலாம் சார்" என்றது மரியாதையான ஒரு குரல். எனக்கு விட மனசே வரவில்லை. எங்கள் அண்ணன் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.