சரிகையால் கட்டிய விசிறிகள்

ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைச் செப்பனிடும் துணிவு, அப்பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கே முழுமையாக வாய்க்கிறது. அறிந்தவர் தயங்குவார், அறியாதவர் திருப்புளியைத் தேடுவார். எங்கள் வீட்டில் திருப்புளி எங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் தமிழாசிரியன். விடுமுறை நாள்களில் யாப்பிலக்கணப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து மாணவர்களின் கைப்பேசிகளுக்கு அனுப்புவேன். என் மனைவி மல்லிகா, பட்டுப் புடவைகளுக்குக் கரையும் முந்தானையும் கணினியில் வரைபவள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் இருவருக்கும் தொழிற்கூடம். (தொழில் அவளுடையது, கூடம் மட்டும் என்னுடையது என்பாள்.)

அவளுடைய கணினிக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. வரைந்த புடவையைத் திரையிலுள்ள ஒரு பெண்ணுக்கு உடுத்தி, அவளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவது அதன் வேலை. அந்தப் பெண் திரும்பத் தொடங்கினால் கார்டு சூடாகும். அதன் மேலுள்ள சின்னஞ்சிறு விசிறிகள் இரையத் தொடங்கும். நான் ‘நேர் நேர் தேமா’ என்று வாயெடுக்கும் வேளையில்தான் அவளுக்கும் திரும்பத் தோன்றும்.

ஒரு மாணவன் எழுதியிருந்தான்: “பாடம் சூப்பர் ஐயா. பின்னாடி தம்பூரா யாருங்க ஐயா வாசிக்கிறது?”

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தேன். முதலில் கணினிப் பெட்டியை ஒரு கம்பளியால் போர்த்தினேன். சற்று நேரம் அடங்கியிருந்த கார்டு, மூச்சுமுட்டி முன்னிலும் உரக்க அலறியது. மல்லிகா ஓடிவந்து கம்பளியை உருவினாள்.

“ஏங்க, அதுக்கு இன்னா குளிர் ஜுரமா?”

அதன்பின் முறையாகக் கற்கலானேன். காணொளிகள் பல பார்த்துத் தெளிந்தது இதுதான்: கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் சிறு விசிறிகளையும் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பெரிய விசிறிகள் இரண்டைப் பொருத்த வேண்டும். பெரிய விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும், ஓசையே எழாது. விசிறிகளை வாங்கியபோது கடைக்காரர், “இறுக்கிக் கட்ட பிளாஸ்டிக் டேக் வாங்கிக்கினு போங்க சார்” என்றார். நான் சிரித்துவிட்டேன். கட்டுவதற்கு நூல் கிடைக்காத ஊரா காஞ்சிபுரம்?

இந்தத் திருப்பணிக்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவரை மல்லிகா கடைகளுக்கே வரைந்து கொடுத்துவந்தாள். புடவை கடையின் பெயரில் போய்விடும். அன்று மாலைதான் முதன்முறையாக ஒரு குடும்பம் அவளையே நாடி வருவதாக இருந்தது. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர், தம் மகளின் முகூர்த்தப் புடவைக்காக மகளையும் அழைத்து வருகிறார். அந்தப் பெண்ணின் முகத்தையே திரைப்பெண்ணுக்குப் பொருத்திவைத்திருந்தாள் மல்லிகா.

சாயக்காரரிடம் போய்வரக் கிளம்பும்போது சொன்னாள்: “கம்ப்யூட்டர் பக்கம் போவாதீங்க. அவங்க பாத்து சரின்னுட்டா நம்மளே தறி ஏத்திடலாம். இல்லன்னா காலம்பூரா கடைக்காரனுக்கே வரைஞ்சிக்கினு கெடக்கணும்.”

“போகமாட்டேன்” என்றேன். பிழையற்ற எதிர்மறை வினைமுற்று; அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

வருகிறவர்களுக்கு முன் அந்த இரைச்சல் எழுந்தால் அவளுக்கன்றோ இழுக்கு என்ற நல்லெண்ணத்துடன் பெட்டியைத் திறந்தேன். மூடி கழன்றது. புதிய விசிறிகள் பாங்காக அமர்ந்தன. கட்ட நூல் தேடியபோதுதான் என் அறிவு முழுவீச்சில் வேலை செய்தது. பருத்தி நூல் சூட்டில் கருகும். பட்டிழையும் தாங்காது. மல்லிகாவின் மேசைமீதோ ஒரு சரிகைச் சிட்டம் மின்னிக்கொண்டிருந்தது. சரிகை உலோகமாயிற்றே! சூட்டுக்கு அஞ்சுமா?

கார்டையும் விசிறிகளையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். கார்டின் முதுகில் ஈயப் புள்ளிகள் வரிசையாக முளைத்திருந்தன. அவற்றின்மேல் பொன்னிழை படிந்தபோது புட்டா போட்டது போலவே இருந்தது. (ஒரு கணம் நின்று இரசித்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.)

சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளியைப்போல் மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. இதைப் பக்கத்து வகுப்பில் அறிவியல் ஆசிரியர் நடத்துவது ஆண்டுதோறும் சுவர் வழியே என் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினேன். ‘பட்’டென்று ஓர் ஓசை, நீலமாய் ஒரு வெளிச்சம், மூக்கைப் பிடுங்கும் ஒரு நாற்றம். பிறகு நான் விரும்பிய அமைதி அறை முழுவதும் வந்து நிறைந்தது.

அந்த அமைதிக்குள்தான் மல்லிகா நுழைந்தாள். தெருமுனையில் எதிர்ப்பட்ட விருந்தினரும் உடன் நுழைந்தனர்.

“இன்னாங்க தீயிற நாத்தம்?” என்றவள், பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். “எதால கட்னீங்க?”

“சரிகையால்.”

“எந்த சரிகை?”

நான் மேசையைக் காட்டினேன். அவள் கார்டைப் பிடுங்கி என் கையில் திணித்துவிட்டு, திரையின் கம்பியைக் கணினியிலேயே உள்ள வேறொரு துளையில் செருகினாள். நல்லவேளையாகக் கணினி பிழைத்திருந்தது. திரையில் படமும் வந்தது. ஆனால் கார்டில்லாத குறையால் திரைப்பெண் பாதிப் புடவையுடன் அப்படியே உறைந்து நின்றாள்.

“அப்பா, நான் திரும்பவே மாட்டேங்கிறேன்பா” என்றாள் மணப்பெண், தன் முகத்தையே பார்த்தபடி.

“இன்னாமா இது, ஜவுளிக்கடை பொம்மையாட்டம் நின்னுக்கினு இருக்குது?” என்ற ஆலைக்காரர் எழுந்துகொண்டார். “சரிம்மா. நாங்க வூட்ல கலந்துக்கினு சொல்றோம்.”

கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னவர் எவரும் எங்கள் ஊரில் திரும்பி வந்ததில்லை. மல்லிகாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“ஐயா, பிழை என்னுடையது, அவளுடையதன்று” என்று குறுக்கே போய் நின்றேன். விசிறி, நூல், சரிகை, வெடிப்பு என அனைத்தையும் ஒப்பித்துக் கார்டை நீட்டினேன். அவர் வாங்கி, புருவம் சுருங்கப் பார்த்தார்.

“சரிகைல கரண்டு ஏறிச்சா?”

“ஏறிற்று.”

“ஏம்மா, இது எங்க புடவைக்குன்னு வச்சிருந்த சரிகையா?”

“ஆமாங்க. உங்களுக்குக் காட்டத்தான் வாங்கினு வந்தேன்” என்றாள் மல்லிகா, அழாத குறையாக.

அவர் கருகிய இழையொன்றை உருவி நகத்தால் பிரித்தார். கரிக்கு அடியில் வெள்ளி மினுங்கியது. அதற்கும் உள்ளே சிவந்த பட்டு.

“எத்தினி கடை ஏறி எறங்கினேன்! எல்லாரும் ஒரிஜினல்னு வாயாலதாம்மா சொன்னான். பிளாஸ்டிக் சரிகையா இருந்தா உருகிட்டுப் போயிருக்கும். இது வெடிச்சிருக்குதே!”

“டிசைனப் பாருப்பா!” என்றாள் மணப்பெண்.

“டிசைன நீ பாத்துக்க. நான் சரிகையைப் பாத்துட்டேன். தறி ஏத்தும்மா.”

தறி ஏற்றினோம். திருமணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் என் தோளைப் பற்றி உறவினர் வரிசைக்கு முன் நிறுத்தி, “சொன்னேன் பாரு, சரிகையை கம்ப்யூட்டர்ல வுட்டு வெடிச்சுப் பாத்தவரு இவருதான்” என்றார். இலையிலிருந்து தலை நிமிர்ந்த ஒரு பெரியவர், “வாத்தியாரே, என் பேத்திக்கும் தையில கல்யாணம். நமக்கும் ஒரு தபா வெடிச்சுக் காட்டணும்” என்று கேட்டுக்கொண்டார்.

இப்போது மல்லிகாவின் பெயரிலேயே புடவைகள் போகின்றன. புதிய கார்டு பழையதைவிட நன்றாக இரைகிறது. நான் மொட்டைமாடியில் பாடம் நடத்துகிறேன். வந்தவர்களில் யாராவது “சரிகை அசல்தானே?” என்று இழுத்தால், அவள் மாடிப்படியை நோக்கிக் குரல் கொடுப்பாள்: “ஏங்க, கொஞ்சம் எறங்கி வாங்க. இவங்களுக்கு சந்தேகமாம்.” பாதி வெண்பாவை நிறுத்திவிட்டு நான் இறங்கிப்போய் நிற்பேன். அவள் கதையைச் சொல்வாள். வந்தவர்கள் சரிகையை விட்டுவிட்டு என்னைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்கள். பிறகு, செய்திருக்கக்கூடியவர்தான் என்று நம்பிவிடுவார்கள்.